அற்மொஸ்பெறிக் பிளாக் மெற்றல், பிளாக்கேஸ்: புது அல்பங்களுக்கு விமர்சனம் எழுதத் தொடங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் இந்த இசையைக் கேட்கிறவர்கள் அதிகமில்லை. எழுத நினைப்பவர்கள் அதைவிடக் குறைவு. ஆனாலும் எழுதத் தொடங்குகிற எல்லாரிடமிருந்தும் வருவது ஏறத்தாழ ஒரே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே போட்டுப் பதில்களைச் சேர்த்திருக்கிறோம். வேண்டிய கேள்விக்கு நேரே போகலாம். இரண்டாவது கேள்வியை மட்டும் தாண்ட வேண்டாம். பின்னால் வருகிற பல பதில்கள் அதில்தான் நிற்கின்றன.

முதல்ல இதைச் சொல்லுங்கோ. அற்மொஸ்பெறிக் பிளாக் மெற்றல், பிளாக்கேஸ் எண்டு ரெண்டு பேர் சொல்லுறியள். ரெண்டும் ஒண்டுதானே?

தாய் ஒன்று, பிள்ளைகள் வேறு. 1990களின் தொடக்கத்தில் நோர்வேயில் வடிவம் பெற்ற பிளாக் மெற்றலின் அடிப்படைக் கருவிகள் வேகமான ட்றம்ஸ், இடைவிடாமல் மீட்டும் கிற்றார், உச்சத்தில் கத்தும் குரல். அற்மொஸ்பெறிக் வகை இவற்றையே எடுத்து, பாட்டை நீட்டி, ஒரே மெலடியைத் திரும்பத் திரும்ப வாசித்து, கீபோர்ட் அல்லது நாட்டார் வாத்தியம் சேர்த்து ஒரு நிலப்பரப்பில் நிற்கிற உணர்வைத் தேடுகிறது. நோர்வேயின் பேர்சம் என்ற தனியாள் குழுவின் 1994 அல்பமான 'ஹ்விஸ் லீசெற் தார் ஒஸ்' இதற்கு முன்னோடி. பின்னால் வந்தவற்றில் அமெரிக்காவின் வுல்வ்ஸ் இன் த த்றோன் றூம் 2007இல் வெளியிட்ட 'ரூ ஹன்ரேர்ஸ்' நல்ல தொடக்கம்: நாலே நாலு பாட்டு, முக்கால் மணித்தியாலம்.

பிளாக்கேஸ், பிளாக் மெற்றலோடு ஷூகேஸைச் சேர்த்தது. ஷூகேஸ் என்பது மை பிளடி வலன்ரைன் (1991இன் 'லவ்லெஸ்'), ஸ்லோடைவ் போன்றவர்கள் வாசித்த, எஃபெக்ற் பெடல்களால் கிற்றாரைக் கரைத்து விடுகிற றொக். பிரான்சின் அல்செஸ்ற் 2005இல் வெளியிட்ட 'லு செக்றே' என்ற சிறிய வெளியீட்டையே பலர் தொடக்கமாகச் சொல்வார்கள். 2013இல் அமெரிக்கக் குழு டெஃப்ஹெவனின் 'சன்பேதர்', அதன் இளஞ்சிவப்பு அட்டையோடு, மெற்றலுக்கு வெளியிலும் இதைக் கொண்டுபோனது. காதால் பிரிக்க ஒரு வழி உண்டு. கிற்றாரின் கோர்ட்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) மகிழ்ச்சியாகக் கேட்கும் மேஜர் பக்கம் சாய்ந்து, கத்தல் இருந்தும் பாட்டு வெளிச்சமாகக் கேட்டால் பெரும்பாலும் பிளாக்கேஸ். துக்கமாகக் கேட்கும் மைனர் கோர்ட்டுகள் அடுத்தடுத்து வழுக்கிக்கொண்டு போனால் பழைய வழி. விதிவிலக்குகள் நிறைய, ஆனாலும் தொடங்குவதற்கு இது காணும்.

எனக்கு எல்லாப் பாட்டும் ஒரே இரைச்சலாத்தான் கேக்குது. இதில எதைப் பிடிச்சு எழுதுறது?

இரைச்சலாகக் கேட்பதற்குக் காரணம், காது வேகத்தைப் பின்தொடர முயல்வதுதான். கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில், அடிக்கு 4 மீட்டல் என்று கிற்றார் போனால் நொடிக்கு 13 மீட்டலுக்கு மேல். அதை யாராலும் தனித்தனியாகக் கேட்க முடியாது, கேட்கவும் தேவையில்லை. இப்படி மீட்டுவதுதான் ட்றெமலோ பிக்கிங். ஆனால் அதே பாட்டில் கோர்ட் மாறுவது 2 அல்லது 4 சுற்றுக்கு (ஒரு சுற்று 4 அடி) ஒரு முறைதான், அதாவது இரண்டரை நொடியில் இருந்து ஐந்து நொடிக்கு ஒரு தரம். மேற்பரப்பு ஓடுகிறது, அடியில் இசை மிக ஆறுதலாக நகர்கிறது. இந்த இசையின் சூட்சுமமே அந்த இரண்டு வேகங்களுக்கும் உள்ள இடைவெளிதான். ஆகவே தாளத்தைப் பாதி அல்லது கால் வேகத்தில் எண்ணுங்கள். காலைத் தட்டினால் ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு. இரண்டு நிமிடத்தில் இரைச்சல் விலகி, நீளமான ஸ்வரங்கள் தெரியத் தொடங்கும்.

அடுத்தது, ஒரு தரத்துக்கு ஒரு வாத்தியம். முதலில் ட்றம்ஸ். கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய ட்றம்) சினெயரும் (கூர்மையாக ஒலிக்கும் சின்ன ட்றம்) மாறி மாறி ஒரே சீராக விழுந்தால் அது பிளாஸ்ற் பீற். அது எப்போது தொடங்குகிறது, எப்போது பாதி வேகத்துக்கு இறங்குகிறது என்று மட்டும் குறியுங்கள். தவிற் சமா கேட்டு வளர்ந்த காதுக்கு இது சிரமமில்லை. சொற்கட்டு மாறுகிற இடத்தைப் பிடிக்கிற அதே வேலைதான். இரண்டாவது, கிற்றாரின் மிக உயர்ந்த ஸ்வரங்களை மட்டும் வாய்க்குள் முணுமுணுத்துப் பாருங்கள். முணுமுணுக்க முடிந்தால் அங்கே மெலடி இருக்கிறது. மூன்றாவது பேஸ் கிற்றார். இந்த வகையில் பேஸ் பெரும்பாலும் கிற்றாரின் நிழலாகவே போகும். பிரிந்து போகிற இடம் வந்தால் அது எழுத வேண்டிய இடம். குரலைக் கடைசியாக வையுங்கள், ஏனென்றால் அதுதான் முதலில் கவனத்தைப் பறிக்கும்.

ஒரு அல்பத்தை எத்தினை தரம் கேட்டிட்டு எழுதோணும்?

நாலு தரம் நல்லது, மூன்றுக்குக் குறைய வேண்டாம். முதல் தரம் பேனையைத் தொடாமல் தொடக்கம் முதல் முடிவு வரை. இரண்டாம் தரம் நேரக் குறிப்புகளோடு: '3:40, ட்றம்ஸ் நிற்கிறது, தனிக் கிற்றார்' என்ற அளவில் போதும். மூன்றாம் தரம் சந்தேகமான இடங்களை மட்டும் மேலே சொன்னபடி வாத்தியம் வாத்தியமாக. நாலாவது, இரண்டு மூன்று நாள் விட்டு. இந்த இடைவெளி முக்கியம். பிளாக்கேஸின் பெரிய உச்சங்கள் முதல் கேட்டலில் ஆளைத் தூக்கிவிடும். மூன்று நாளுக்குப் பிறகும் எந்த மெலடி நினைவில் நிற்கிறது என்பதுதான் உண்மையான சோதனை. பழைய வகையில் நேர்மாறு நடக்கும். முதல் தரம் வெறுமையாகத் தெரிந்தது நாலாம் தரம் திறக்கும்.

என்ன ஹெட்போன் வாங்கோணும்? போன் ஸ்பீக்கர் காணாதோ?

போன் ஸ்பீக்கர் காணாது. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் கிக், பேஸ் இரண்டும் ஏறத்தாழ இல்லாமலே போய்விடும். மிஞ்சுவது சிம்பலும் கத்தலும். அதைக் கேட்டு 'ஒலிப்பதிவு மெல்லியது' என்று எழுதினால் அது அல்பத்தின் குற்றமில்லை. விலை கூடியது தேவையில்லை. வயர் உள்ள, காதுக்குள் இறுக்கமாக இருக்கிற சாதாரண இயர்போன் போதும். போனில் உள்ள 'பேஸ் பூஸ்ற்', '3டி சரவுண்ட்' எல்லாவற்றையும் நிறுத்துங்கள், ஈக்யூவை (ஒலிச் சமநிலை அமைப்பை) நேர்கோட்டில் வையுங்கள். இதை விட்டுவிட்டு மிக்ஸைப் (வாத்தியங்களின் ஒலியளவுகளைச் சேர்த்த விதத்தைப்) பற்றித் தீர்ப்புச் சொல்கிறவர்கள் நிறைய.

எங்கள் ஊருக்கு உரிய இரண்டு தடைகள். ஒன்று, மின்விசிறி. அதன் தொடர் இரைச்சல் றிவேர்ப்பின் (சேர்க்கப்பட்ட எதிரொலியின்) வால்களையும் மென்மையான இடைப்பகுதிகளையும் மூடிவிடும். அந்தப் பகுதிகளையாவது விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். இரண்டு, ஒலிபெருக்கி. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும், ஊர்க் கோயில் கொடியேறினால் அந்த நாட்களும் பகலில் கேட்க முயல வேண்டாம். சத்தத்தை மேவ ஒலியைக் கூட்டுவீர்கள், காது களைத்துவிடும், களைத்த காதுக்கு எல்லா அல்பமும் கூர்மையாகவே கேட்கும். இரவு 10 மணிக்குப் பிறகு, நடுத்தர ஒலியில்.

யூரியூப்பில கேட்டு எழுதினாப் பிழையோ? டேட்டா காணாது.

இசைக்குழுவோ வெளியீட்டு நிறுவனமோ தாங்களே ஏற்றியது என்றால் முதல் இரண்டு கேட்டலுக்குப் பிழையில்லை. யாரோ ஒருவர் எங்கேயோ எடுத்த எம்பி3யை மறுபடி ஏற்றிய பிரதி என்றால் வேண்டாம். இரண்டு தரம் சுருக்கிய ஒலியில் முதலில் சாவது சிம்பல்தான். 'ஷ்ஷ்' என்று தண்ணீருக்குள் கிடந்து கேட்பதுபோல் குழையும். இந்த இசையில் சிம்பல் ஓயாமல் ஒலிப்பதால் மற்ற வகைகளைவிடப் பாதிப்பு அதிகம்.

டேட்டாக் கணக்கு, 45 நிமிட அல்பத்துக்கு: 128 கிலோபிட் எம்பி3 என்றால் ஏறத்தாழ 43 எம்பி, 320 கிலோபிட் என்றால் 108 எம்பி, தரம் குறையாத ஃபிளாக் கோப்பு என்றால் 300 எம்பியைத் தாண்டலாம். குழுக்கள் நேரே இசை விற்கும் பாண்ட்காம்ப் தளம் இணையத்தில் இலவசமாகக் கேட்க விடுவது 128 கிலோபிட். வாங்கினால் ஃபிளாக் வரை தரவிறக்கலாம். சிக்கனமான வழி இதுதான்: நாலு தரமும் ஸ்ற்றீம் செய்யாமல், எழுதுவதென்று முடிவெடுத்த அல்பத்தை வாங்கி 320இல் ஒரு தரம் இறக்கி வையுங்கள். நாலு தரம் 128இல் கேட்டால் 172 எம்பி. ஒரு தரம் 320இல் இறக்கினால் அதைவிடக் குறைவு, தரமும் மேல்.

கோயிலூரில இருந்துகொண்டு சாத்தான் பாட்டுக்கு எழுதுறியோ எண்டு வீட்டில கேக்கினம். என்ன சொல்ல?

உண்மையைச் சொல்லுங்கள். பிளாக் மெற்றலில் சாத்தானும் கிறிஸ்தவ எதிர்ப்பும் தொடக்கத்திலேயே இருந்தன, இன்றும் அதை எழுதுகிற குழுக்கள் உண்டு. நீங்கள் எழுதுகிற இந்த இரண்டு கிளைகளில் அதிகம் வருவது காடு, பருவகாலம், பால்யம், துக்கம், பழங்கதை. சந்தேகப்பட்டால் வரிகளைக் காட்டலாம். சத்தத்துக்கு மட்டும் எங்களிடம் பதில் இல்லை, இயர்போன் போடுங்கள்.

றெக்கோடிங் கெட்டுக் கிடக்கு எண்டு எழுதலாமோ? வேணுமெண்டுதான் அப்பிடிச் செய்யினம் எண்டு சொல்லுகினம்.

இரண்டும் உண்மையாக இருக்கலாம். நோர்வேக் குழு டார்க்த்றோனின் 'ட்றான்சில்வேனியன் ஹங்கர்' (1994) நாலு தட ரேப் இயந்திரத்தில் பதிந்தது. 1993இல் பதிந்து 1996இல் வெளியான பேர்சமின் 'ஃபிலோசஃபெம்' அல்பத்தில் குரலுக்கு வேண்டுமென்றே மலிவான ஹெட்செற் மைக் பாவித்தார்கள். அவற்றில் கரடு இருக்கிறது, ஆனால் மெலடி வடிவாகக் கேட்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி 'சுத்தமா?' என்பதில்லை. 'பாட்டைத் தாங்குகிற விடயம் கேட்கிறதா?' என்பதுதான். உயர்ந்த கிற்றார் மெலடியே பாட்டின் உயிர் என்றால், பிளாஸ்ற் பீற் வந்தவுடன் சினெயர் அதை மூடக்கூடாது. மூடினால் அது அழகியல் இல்லை, மிக்ஸ் பிழை. அப்படியே எழுதலாம்.

இன்றைய அல்பங்களில் பிரச்சினை பெரும்பாலும் எதிர்த்திசையில் இருந்து வருகிறது: அதிக சத்தமாக மாஸ்ரரிங் (வெளியிட முன் செய்கிற கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்தல். கண்டுபிடிக்க ஒரு சோதனை. மென்மையான இடைப்பகுதி முடிந்து முழு பாண்டும் உள்ளே வருகிற நொடியைக் கேளுங்கள். ஒலி பெரிதாக வேண்டிய இடத்தில் வெறும் தடிப்பு மட்டும் கூடினால், அல்லது ஒவ்வொரு கிக்குக்கும் கிற்றார் அமுங்கி எழுந்தால், லிமிற்றரில் (ஒலியின் உச்சத்தை அமுக்கும் கருவியில்) நசுக்கியிருக்கிறார்கள். இன்னொன்று, ஸ்பொற்றிஃபை வழக்கமாக எல்லா அல்பத்தையும் ஏறத்தாழ -14 லஃப்ஸ் (ஒலிப்பலத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடும். பாண்ட்காம்ப் அப்படிச் செய்வதில்லை. இங்கே கேட்ட ஒன்றையும் அங்கே கேட்ட ஒன்றையும் வைத்து 'இது பலமாக இருக்கிறது, அது சோர்ந்திருக்கிறது' என்று ஒப்பிட்டால் பிழைக்கும்.

கிற்றார் 'சுவர் மாதிரி' எண்டு எல்லாரும் எழுதினம். அதை எப்பிடிச் செய்யினம்? தெரிஞ்சால்தானே எழுதலாம்?

மூன்று விடயங்கள் சேர்ந்தது. ஒரே பகுதியை இரண்டு முதல் நாலு தரம் தனித்தனியாக வாசித்து, இடமும் வலமும் பரப்புவது முதலாவது. ஒவ்வொரு வாசிப்பிலும் வருகிற சின்னச் சின்ன வித்தியாசம்தான் அகலத்தைத் தருகிறது. ஒன்றையே பிரதி எடுத்து ஒட்டினால் அகலம் வராது. இரண்டாவது பெடல் வரிசை. டிஸ்ரோர்ஷனுக்குப் (ஒலியைக் கிழித்துக் கரடாக்கும் பெடலுக்குப்) பிறகு றிவேர்ப் வந்தால் கிற்றார் தெளிவாக, ஆனால் தூரத்தில் கேட்கும். றிவேர்ப்பை முதலில் வைத்து அதை டிஸ்ரோர்ஷனுக்குள் அனுப்பினால் எதிரொலியும் சேர்ந்து கிழிந்து, ஸ்வரத்தின் விளிம்பு கரைந்துபோகும். ஷூகேஸில் இருந்து வந்த பழக்கம் இது. மூன்றாவது கோர்ட்: மூன்றாம் ஸ்வரத்தை விட்டு, இரண்டாம் அல்லது நாலாம் ஸ்வரம் சேர்த்து, ஒரு கம்பியைத் திறந்தபடி ஒலிக்க விடுவது. கோர்ட் மாறினாலும் அந்த ஒரு ஸ்வரம் மாறாமல் தொடரும்.

இது தெரிந்தால் 'சுவர்' என்ற சொல்லை விட்டுவிடலாம். 'கோர்ட் மாறுகிற இடம் எதிரொலிக்குள் கரைகிறது' என்று எழுதினால் வாசிப்பவருக்கு என்ன கேட்கப்போகிறதென்று விளங்கும்.

நான் எழுதுறது எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. அல்பத்தின்ரை பேரை மாத்தினால் எதுக்கும் பொருந்தும்.

இதை நீங்களே கண்டது நல்லது. காரணம், கேட்டதை விட்டுவிட்டு உணர்ந்ததை மட்டும் எழுதுவது. இல்லாத ஒரு அல்பத்துக்கு இரண்டு விதமாக எழுதிக் காட்டுகிறோம். வழக்கமானது: 'இருளின் ஆழத்தில் இருந்து எழும் இந்தப் பாட்டு நம்மை வேறோர் உலகத்துக்கு அழைத்துச் செல்கிறது. குரல் நெஞ்சைக் கிழிக்கிறது. கிற்றார்கள் மூடுபனியாய்ச் சூழ்கின்றன.'

மாற்றியது: 'முதற் பாட்டு 2:10 வரை இரண்டே கோர்ட்டில் நிற்கிறது. 2:10இல் பேஸ் மட்டும் கீழே இறங்க, ஒரு ஸ்வரமும் மாறாத அதே கிற்றார் மெலடி சட்டென்று துக்கமாகக் கேட்கிறது. குரல் கிற்றாருக்குப் பின்னால் தள்ளி வைக்கப்பட்டிருப்பதால் சொல்லைவிட மூச்சுத்தான் காதில் விழுகிறது. 6:40இல் அதே உத்தி, இம்முறை ட்றம்ஸும் நின்றுவிடுவதால் இன்னும் பலமாக. மூன்றாம் பாட்டிலும் அதே இறக்கம் வரும்போது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.'

இரண்டாவதில் புகழும் இருக்கிறது, குறையும் இருக்கிறது, இரண்டுக்கும் காரணமும் இருக்கிறது. 'துக்கம்' என்ற உணர்வுச் சொல் அங்கேயும் வருகிறது, ஆனால் எது அதைத் தந்தது என்பதற்குப் பின்னால் வருகிறது. ஒவ்வொரு பந்தியிலும் ஒரு நேரக் குறிப்பாவது இருந்தால் பாதி வேலை முடியும். எல்லா வரியிலும் நிமிடம் போட்டால் மருந்துச் சிட்டைபோல் ஆகிவிடும், அதுவும் வேண்டாம்.

கத்துறது ஒரு சொல்லும் விளங்கேல்லை. வரி தெரியாமல் எப்பிடி விமர்சனம்?

வரிகள் பெரும்பாலும் பாண்ட்காம்ப் பக்கத்தில் அந்தந்தப் பாட்டுக்குக் கீழே, அல்லது இறுவட்டின் சிறுநூலில் இருக்கும். ஆங்கிலம் இல்லையென்றால் இயந்திர மொழிபெயர்ப்பு கருப்பொருளை அறிய உதவும். அதை வைத்து 'கவித்துவம்' பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வரிகளைக் குழுவே எழுதியதா என்றும் பாருங்கள். உக்ரைனின் ட்றுட்க் பல பாட்டுகளுக்கு தாராஸ் ஷெவ்சென்கோ போன்ற உக்ரைனியக் கவிஞர்களின் கவிதைகளை எடுத்தவர்கள். அதை அறியாமல் 'பாடலாசிரியரின் முதிர்ச்சி' என்று எழுதினால் சிரிப்புக்கிடம்.

வரி கிடைக்கவே இல்லையென்றால் 'வரிகள் வெளியிடப்படவில்லை' என்று ஒரு வசனம் போதும். குரலை வாத்தியமாக எழுதலாம்: உச்சக் கத்தலா, அடித்தொண்டை உறுமலா, மிக்ஸில் முன்னாலா பின்னாலா, மெல்லிய பாடும் குரல் எங்கே வருகிறது, அது கத்தலுக்குப் பதிலாக வருகிறதா அல்லது மேலே சேர்கிறதா.

உவங்கள் வெண்பனி, காடு, மலை எண்டு பாடுறாங்கள். அதைக் காணாத நாங்கள் என்னத்தை எழுதுறது?

காணாததை எழுதாதீர்கள், அவ்வளவுதான். கரவெட்டியில் இருந்து 'எலும்பை உறைய வைக்கும் நோர்வேக் குளிர்' என்று எழுதுவது இரவல் சொல். இந்த இசை குளிருக்கு மட்டும் உரியதும் இல்லை. பனொப்ரிக்கனின் 'கென்ரக்கி' (2012) அமெரிக்க நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றியது; பான்ஜோவும் தொழிற்சங்கப் பாட்டும் அதில் வரும். ருமேனியாவின் நெகுற புஞ்செற் 'ஓம்' (2006) அல்பத்தில் தங்கள் நாட்டு மரத்தட்டுக் கருவியைச் சேர்த்தது. எல்லாரும் தங்கள் தங்கள் நிலத்தைத்தான் கொண்டுவருகிறார்கள். உங்கள் வேலை, அந்த நிலம் ஒலியில் எங்கே இருக்கிறது என்று காட்டுவது: பதிந்த மழைச் சத்தமா, நாட்டார் மெலடியா, அல்லது அட்டைப் படத்தில் மட்டும்தானா? கடைசியானது என்றால் அதை எழுதத் தயங்க வேண்டாம். அட்டையில் மட்டும் காடு உள்ள அல்பங்கள் ஏராளம்.

எங்கள் நிலத்தை உவமைக்கு எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஒலியைப் பற்றி ஏதாவது சொல்கிறதென்றால் எடுங்கள். வாடைக்காற்றில் பனங்காணி ஓயாமல் சலசலப்பதும் அதற்குள் ஒரு ஓலை மட்டும் தனியே அடிபடுவதும் ட்றெமலோவுக்குள் ஒரு மெலடி தெரிவதைச் சொல்ல உதவும். சும்மா ஊர்மணத்துக்காக என்றால் விடுங்கள்.

'டெஃப்ஹெவன் மாதிரி இருக்கு' எண்டு எழுதினால் காணாதோ? வாசிக்கிறவைக்கு விளங்குமே.

எந்த டெஃப்ஹெவன்? 2013இன் 'சன்பேதர்' நாலு நீண்ட பாட்டும் மூன்று சிறிய இடைப்பகுதிகளும் கொண்டது, முழுக்கக் கத்தல். 2021இன் 'இன்ஃபினிற் கிறனிற்' ஏறத்தாழ முழுக்கப் பாடும் குரல். 2025இன் 'லோன்லி பீப்பிள் வித் பவர்' மறுபடி கத்தலுக்குத் திரும்பியது. அல்செஸ்றும் அப்படித்தான்: 2014இன் 'ஷெல்ரர்' அல்பத்தில் மெற்றலே இல்லை, 2016இன் 'கொடாமா' அதைத் திருப்பிக் கொண்டுவந்தது. அல்பத்தின் பெயரையும், எந்த அம்சம் ஒத்திருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு விமர்சனத்துக்கு இரண்டு ஒப்பீடு தாராளம்.

பிளாக்கேஸ் உண்மையான பிளாக் மெற்றல் இல்லையாமே?

இருக்கட்டும். விமர்சனத்தில் இதற்கு ஒரு பந்திகூடச் செலவழிக்க வேண்டாம்.

ஒரு பாட்டு பன்னிரண்டு நிமிசம் போகுது. அந்த நீளம் தேவையோ, சும்மா இழுக்கிறாங்களோ எண்டு எப்பிடிச் சொல்லுறது?

தாளில் ஒரு கோடு கீறி, நிமிடங்களைக் குறித்து, முக்கிய மெலடி வருகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு புள்ளி போடுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே 'போன தரத்தில் இருந்து என்ன மாறியது' என்று ஒரு சொல் எழுதுங்கள்: பேஸ், தாளம், கோர்ட், குரல், ஒரு கிற்றார் கூடியது. மூன்று புள்ளிக்குத் தொடர்ந்து ஒன்றும் எழுத முடியாவிட்டால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, உண்மையிலேயே இழுவை. மற்றது, மாறாமல் நிற்பதே நோக்கம். 'ஹ்விஸ் லீசெற் தார் ஒஸ்' அல்பத்தின் கடைசிப் பாட்டு 14 நிமிடத்துக்கு வெறும் கீபோர்ட்டோடு ஒரு சில மெலடிகளையே சுற்றுகிறது, அதைக் குறை என்று யாரும் சொல்வதில்லை. எப்படிப் பிரிப்பது? அந்தப் பகுதியை வெட்டிவிட்டு அடுத்த பகுதிக்கு நேரே தாவிக் கேளுங்கள். வருகிற மாற்றத்தின் பாரம் குறைந்துபோனால் நீளம் தேவைப்பட்டிருக்கிறது. ஒரு வித்தியாசமும் தெரியாவிட்டால் இழுவை.

பிளாக்கேஸில் இதற்கு ஒரு தனி வருத்தம் உண்டு. மெதுவான தொடக்கம், வெடிப்பு, அமைதி, பெரிய உச்சம் என்ற அதே வடிவம் எல்லாப் பாட்டிலும் வரும். பாட்டுக்கொரு கோடு கீறி ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்தால் அமைதிப் பகுதி எல்லாவற்றிலும் ஐந்தாம் ஆறாம் நிமிடத்தில் வந்து நிற்பது கண்ணுக்கே தெரியும்.

ஒரு ஆள் தனிய வீட்டில இருந்து செய்தது. ட்றம்ஸும் கொம்பியூட்டர்தான். அதுக்கு இளக்கம் காட்டவோ?

இளக்கமும் வேண்டாம், கூடுதல் கண்டிப்பும் வேண்டாம். இந்த வகையின் பாதி வரலாறே தனியாட்கள் செய்தது. பேர்சம், பனொப்ரிக்கன் இரண்டும் தனியாள் வேலைதான், பனொப்ரிக்கன்காரர் ட்றம்ஸையும் தானே அடிப்பவர். புறோகிராம் செய்த ட்றம்ஸைக் கண்டுபிடிக்க, பிளாஸ்ற் பீற்றில் சினெயரைக் கவனியுங்கள். மனிதர் அடித்தால் அடிகளுக்கிடையே பலம் சற்று ஏறி இறங்கும். எல்லா அடியும் அச்சாக ஒன்றென்றால் புறோகிராம், அல்லது உண்மையான அடிக்கு மேல் சாம்பிள் (பதிந்து வைத்த ஒலித்துண்டு) ஒட்டியது. இரண்டையும் காதால் நிச்சயமாகப் பிரிக்க முடியாது, ஆகவே வெளியீட்டு விபரத்தில் யார் ட்றம்ஸ் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

குறையாக எழுத வேண்டியது புறோகிராம் செய்ததை அல்ல. ஒரு பகுதியில் இருந்து மற்றதுக்குப் போகும்போது ஃபில் (இணைப்பு அடிகள்) எதுவும் இல்லாமல் வெட்டி ஒட்டியது போல் மாறுவது, சிம்பல் ஒலி அணையாமல் நடுவில் அறுவது, வேகம் பாட்டு முழுக்க ஒரு மயிரிழையும் அசையாததால் உச்சத்தில் இழுப்பு இல்லாமல் போவது: இவைதான் பாட்டைக் கெடுப்பவை.

வெளியாக முன்னமே அல்பம் எப்பிடி எடுக்கிறது? யாழ்ப்பாணத்தில இருந்து கேட்டால் தருவாங்களோ?

ஊரைப் பற்றி அவர்கள் கவலைப்படுவதில்லை. நீங்கள் எழுதியது எங்கே என்றுதான் கேட்பார்கள். முதலில் காசு கொடுத்து வாங்கிய அல்பங்களுக்கு ஐந்தாறு விமர்சனம் எழுதி வையுங்கள். பிறகு சிறிய நிறுவனங்களுக்கும், வெளியீட்டாளர் இல்லாத குழுக்களுக்கும் நேரே மின்னஞ்சல்: யார், எந்த மொழியில் எழுதுகிறீர்கள், மூன்று இணைப்பு, எந்த அல்பம் வேண்டும். ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். தமிழில் எழுதுகிறோம் என்பதை மறைக்காதீர்கள், இரண்டு வரி ஆங்கிலச் சுருக்கம் சேர்த்து அனுப்பினால் காணும்.

கிடைக்கும் பிரதியில் உங்கள் பெயரோடு இணைந்த மறைகுறி இருக்கலாம். நண்பனுக்கு வாட்ஸப்பில் அனுப்பி அது இணையத்துக்குப் போனால் உங்களில்தான் வந்து முடியும். 'இந்தத் திகதிக்கு முன் வெளியிடக்கூடாது' என்றால் அந்தத் திகதி அவர்கள் நேர வலயத்தில் எப்போது என்றும் பாருங்கள். வாங்குவதென்றால் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்க வேண்டும். பாண்ட்காம்ப் டிஜிற்றல் விற்பனையில் வழக்கமாக 15 வீதம் எடுக்கும், மிச்சம் கட்டணச் செலவு போக கலைஞருக்குப் போகும்.

பத்துக்கு எத்தினை எண்டு புள்ளி போடோணுமோ?

கட்டாயமில்லை. போடுவதென்றால் 5, 6 எல்லாவற்றையும் பாவியுங்கள். எல்லா அல்பத்துக்கும் 8 போடுகிறவரின் 8க்கு மதிப்பில்லை.

இசை நல்லாயிருக்கு, ஆனால் குழுவின்ரை அரசியல் பிழை. எழுதுறதோ, விடுறதோ?

இந்த வகையில் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. பேர்சமின் வார்க் விகேர்னஸ் 1993இல் மேஹெம் என்ற நோர்வேக் குழுவின் கிற்றார் கலைஞர் யூரோனிமஸைக் கொன்றதற்கும் தேவாலயங்களுக்குத் தீ வைத்ததற்கும் 1994இல் 21 வருடச் சிறைத்தண்டனை பெற்றவர்; இனவாதக் கருத்துகளைப் பின்னாளில் வெளிப்படையாகவே எழுதியவர். மேலே அவருடைய அல்பங்களை வரலாற்றுக்காகச் சொன்னோம், இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நவநாசிப் பிளாக் மெற்றல் என்று ஒரு கிளையே உண்டு. அதன் இசை காதுக்கு அற்மொஸ்பெறிக் வகையில் இருந்து வித்தியாசமாகத் தெரியாமல் போகலாம்.

எழுத முன் பார்க்க வேண்டியவை: குழுவின் பழைய வெளியீடுகளின் பெயரும் அட்டையும், யாரோடு சேர்ந்து வெளியிட்டார்கள், அந்த நிறுவனத்தின் மற்றக் குழுக்கள், உறுப்பினர்களின் மற்றத் திட்டங்கள், அவர்களே கொடுத்த நேர்காணல்கள். ஒருவர் எங்கேயோ சொன்ன குற்றச்சாட்டைத் தீர்ப்பாக எழுத வேண்டாம். அவர்கள் வாயாலோ வெளியீட்டாலோ சொன்னதை எழுதுங்கள். 'மூதாதையர் இரத்தம்', 'மண்ணின் தூய்மை' என்று வரிகள் வந்தால் இரண்டாம் தரம் வாசியுங்கள். இனப்பெருமை பேசுகிற பாட்டு எங்கே கொண்டுபோய் விடும் என்று இந்த ஊருக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. தெளிவாகத் தெரிந்த பின்னும் எழுதுவதா என்பது உங்கள் முடிவு. எழுதினால் முதல் பந்தியிலேயே சொல்லுங்கள். வாசிப்பவர் காசு கொடுக்க முன் தெரிந்திருக்க வேண்டிய விடயம் அது. எங்களைக் கேட்டால், அதே இசையை அந்த நஞ்சு இல்லாமல் செய்கிறவர்கள் வேண்டிய அளவு இருக்கிறார்கள், அவர்களுக்கு எழுதலாம்.

குழுக்காரன் கோவிச்சுக்கொண்டு மெசேஜ் போட்டிருக்கிறான். விமர்சனத்தை மாத்தவோ?

என்னத்துக்குக் கோபம் என்று பிரித்துப் பாருங்கள். ட்றம்ஸ் வாசித்தவரின் பெயர், ஆண்டு, பாட்டின் நீளம், எங்கே பதிந்தது என்பதில் பிழையென்றால் உடனே திருத்தி, திருத்திய திகதியைக் கீழே போட்டு, நன்றி சொல்லிப் பதில் எழுதுங்கள். 'என் வரியைப் பிழையாக விளங்கிவிட்டீர்கள்' என்றால் வரியை மறுபடி வாசியுங்கள். அவர் சொல்வது வரியில் இருந்தால் திருத்துங்கள், அவர் மனதில் மட்டும் இருந்தால் தேவையில்லை. 'மிக்ஸ் மங்கல் என்று எழுதினாய்' என்றால் நீங்கள் குறித்த அந்த நிமிடத்தை வேறொரு இயர்போனில் இன்னொரு தரம் கேளுங்கள். அப்போதும் கிற்றார் கேட்கவில்லையென்றால் எழுதியது எழுதியபடி இருக்கட்டும்.